அத்தியாயம் 4: சுடும் முன் பார்த்தல்

1991 பிப்ரவரி 26, மாலை நான்கு மணி தாண்டிய நேரம். ஈராக்கின் தென்கிழக்குப் பாலைவனத்தில் மணற்புயல். அமெரிக்காவின் இரண்டாவது கவசக் குதிரைப்படை ரெஜிமென்ட்டைச் சேர்ந்த ஈகிள் ட்ரூப், 9 எம்1ஏ1 ஏப்ரம்ஸ் டாங்கிகளும் 12 பிராட்லி வண்டிகளுமாகக் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. தலைமை தாங்கியவர் கேப்டன் ஹெச்.ஆர். மெக்மாஸ்டர். பின்னாளில் அமெரிக்க அதிபரின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்தவர் இவர்தான். சிறு மேடு ஒன்றின் உச்சியில் அவருடைய டாங்கி ஏறியதும், குழி தோண்டி நிறுத்தப்பட்டிருந்த ஈராக்கியக் குடியரசுக் காவல்படையின் டி-72 டாங்கிகள் எதிரே வெப்பப் படக் கருவியில் தெரிந்தன. முதல் குண்டு போன தூரம் 1,420 மீட்டர். அடுத்த 23 நிமிடங்களில் ஈகிள் ட்ரூப் முப்பதுக்கு நெருக்கமான டாங்கிகளையும், கூடவே கவச வண்டிகளையும் லாரிகளையும் ஒழித்துக்கட்டியது. அந்த ட்ரூப்பில் ஒருவரும் சாகவில்லை.

ஈராக்கியர்கள் ஒன்றும் அசட்டுத்தனமாக நிற்கவில்லை. மேட்டின் பின்சரிவில் காத்திருந்து, உச்சியில் தலைகாட்டும் எதிரியை ஒவ்வொருவராக அடிப்பது எல்லா ராணுவங்களும் கற்றுத்தரும் தற்காப்பு முறை. அது அன்று பலிக்காததற்குப் பயிற்சி, குண்டின் திறன் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் வரிசையில் முதலாவது, பார்வை. புழுதிக்குள் டி-72-இன் கருவிகளுக்கு எதிரி தெரியவில்லை. அமெரிக்க டாங்கியின் கருவிக்குத் தெரிந்தது.

வரைபடக் கட்டக் கோட்டின் பெயரால் '73 ஈஸ்டிங்' என்றழைக்கப்படும் இந்தச் சண்டையை, அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமையான தார்ப்பா பிறகு கணினிக்குள் கொண்டுவந்தது. சண்டையில் இருந்தவர்களிடம் கேட்டு, களத்தை அளந்து, எந்த வண்டி எந்த நொடியில் எங்கே நின்றது என்பதை சிம்நெட் என்ற பயிற்சி வலையமைப்பில் மறுபடி ஓடவிட்டார்கள். தரைப்போரைக் கணினியில் ஆடிப்பார்க்க நினைக்கும் எவருக்கும் இந்தச் சண்டை நல்ல தொடக்கம். குறிப்பாக, இந்நூல் எடுத்துக்கொண்டிருக்கும் 'காம்பேட் மிஷன்: பிளாக் சீ' ஆட்டத்துக்கு.

முந்தைய அத்தியாயங்களில் கேமராவும் மெனுவும் பழகியாயிற்று. இனி களம். 2017 கோடையில் உக்ரைனில் ரஷ்யாவுக்கும் உக்ரைன்-அமெரிக்கக் கூட்டணிக்கும் முழுப்போர் மூள்வதாகக் கற்பனை செய்து பேட்டில்ஃபிரண்ட் நிறுவனம் உருவாக்கிய ஆட்டம் இது. 2022இல் அங்கே உண்மையிலேயே முழுப்போர் வந்தது. இதே தொடரில் 1979 முதல் 1982 வரையிலான மேற்கு ஜெர்மனியைக் களமாகக் கொண்ட 'கோல்ட் வார்' 2021இல் வந்தது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆய்வுக்கூடமான டிஎஸ்டிஎல், இந்தத் தொடரின் தொழில்முறைப் பதிப்பைப் பயன்படுத்துகிறது. அதற்காக இது ராணுவப் பாடம் என்று யாரும் மிரள வேண்டியதில்லை. படம் பழையது, பொத்தான்கள் குளறுபடி, விலையும் குறைவில்லை. ஆனாலும் போர்க்களத்தில் யாருக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்ற கணக்கை இவ்வளவு கறாராகப் போடும் ஆட்டம் கடையில் வேறு இல்லை.

அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் ஆடுபவர் முதல் பத்து நிமிடத்திலேயே பாதிப் படையை இழப்பார். புதியவர்களின் தோல்விகளில் பெரும்பகுதி தவறான ஆயுதத்தால் வருவதில்லை. பார்க்காமல் நகர்ந்ததால் வருவது.

யாருக்கு என்ன தெரியும்

2000இல் வந்த முதல் காம்பேட் மிஷன் ஆட்டத்தில், தன் படையில் ஒருவன் எதிரியைப் பார்த்துவிட்டால் மொத்தப் படையும் பார்த்த மாதிரிதான். இடப்பக்கக் காட்டில் பதுங்கியிருக்கும் சிப்பாய் ஒரு டாங்கியைக் கண்டால், அடுத்த கணமே ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பீரங்கி அதன் பக்கம் திரும்பும். 2007இல் 'ஷாக் ஃபோர்ஸ்' வந்தபோது இதைத் தூக்கியெறிந்தார்கள். இப்போது ஒவ்வொரு குழுவும் தன் கண்ணால் கண்டதை மட்டுமே அறியும். மற்றவர்கள் கண்டது வாய்ச்சொல், கைச்சைகை, வானொலி ஆகியவற்றின் வழியாக, அதிகாரச் சங்கிலியில் ஏறி இறங்கித்தான் வந்து சேரும்.

இதைத் திரையில் சோதித்துப் பார்ப்பது எளிது. எந்தக் குழுவையும் தேர்ந்தெடுக்காமல் வெற்றுத் தரையைச் சொடுக்கினால், மொத்தப் படையும் சேர்ந்து அறிந்த எதிரிகள் எல்லோரும் தெரிவார்கள். ஏதாவது ஒரு டாங்கியைச் சொடுக்கினால் பாதிப் பேர் மறைந்துவிடுவார்கள். அந்த டாங்கிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆட்டக்காரருக்கு வானத்திலிருந்து எல்லாம் தெரிகிறது என்பதால் தன் டாங்கிக்கும் தெரியும் என்று நினைத்து அதை எதிரி முன் அனுப்புவது, இந்த ஆட்டத்தில் மிக அதிகமாக நடக்கும் விபத்து. நகர்த்தும் ஒவ்வொரு வண்டியையும் முதலில் சொடுக்கி, அதன் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பார்த்துவிட்டுக் கட்டளை கொடுப்பதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இடையில் ஒரு நிலை உண்டு: கேள்விக்குறி. அங்கே ஏதோ இருக்கிறது, என்ன என்று சரியாகத் தெரியவில்லை என்பதன் அடையாளம் அது. எஞ்சின் சத்தம் கேட்டிருக்கலாம், பக்கத்துக் குழு சொல்லியிருக்கலாம். இந்தக் கேள்விக்குறியைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். உண்மையில் அது தங்கம். ஓரிடத்தில் எதிரி இருக்கலாம் என்ற தகவல் முன்கூட்டியே கிடைத்த டாங்கி, அந்த இடத்துக்கு எதிரே வந்ததும் எதிரியை விரைவாகக் கண்டுகொள்ளும். தகவல் கிடைக்காத டாங்கி தடவிக்கொண்டு நிற்கும். ஆகவே, சாரணர் கண்ட செய்தி டாங்கிக்குப் போய்ச் சேரும்வரை ஓரிரு நிமிடம் காத்திருப்பதும் ஒரு தாக்குதல் நடவடிக்கைதான்.

செய்தி போகிறதா என்பதைத் திரையின் கீழ்ப்பகுதியிலுள்ள தகவல் பலகை காட்டும். குழுவுக்கும் அதன் தலைவருக்கும் இடையே தொடர்பு இருந்தால் ஒரு நிறம், அறுந்திருந்தால் வேறு நிறம். பிளட்டூன் தலைவர் செத்துவிட்டாலோ, மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாலோ, அவர் கீழிருக்கும் சாரணர்கள் ஊமையாகிவிடுவார்கள். அவர்கள் பார்ப்பார்கள், யாருக்கும் தெரியாது.

முதல் அரை மணி நேரம் வெறும் தரை

இந்த ஆட்டத்தை நிமிடச் சுற்றுகளாக ஆடலாம். இரு தரப்பும் கட்டளைகளைக் கொடுத்து முடித்ததும், கணினி 60 நொடிகளை ஒரே மூச்சில் ஓட்டிக் காட்டும். அந்த 60 நொடியில் ஆட்டக்காரர் கைகட்டி வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். மேட்டைத் தாண்டி வேகமாக ஓடச் சொன்ன டாங்கி, ஐந்தாவது நொடியில் ஏவுகணையைக் கண்டாலும் கூப்பிட்டு நிறுத்த முடியாது. அதில் இருக்கும் வீரர்கள் தாங்களாகப் பின்வாங்கினால் உண்டு. நேரலையாகவும் ஆடலாம், ஆனால் கம்பெனி அளவுப் படையை நேரலையில் சமாளிக்கப் பார்ப்பவர் ஒரு மூலையில் நடப்பதைக் கவனிக்கும்போது மறுமூலையைக் கோட்டைவிடுவார். புதியவர்களுக்கு நிமிடச் சுற்றே சரி. நடந்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம் என்பது அதில் கூடுதல் லாபம்.

தொடக்க அமைப்புக் கட்டத்தில், சண்டை ஓடத் தொடங்கும் முன், அரை மணி நேரம் வெறும் தரையைப் பார்க்கச் செலவிடலாம். எண் விசைகள் கேமராவின் உயரத்தை மாற்றும். 1ஐ அழுத்தினால் கேமரா தரைமட்டத்துக்கு இறங்கும். மேலிருந்து தட்டையாகத் தெரிந்த வயல், தரைமட்டத்தில் பார்த்தால் அலையலையாக இருக்கும். ஒரு மீட்டர் பள்ளம் போதும், படுத்திருக்கும் சிப்பாய் பிழைக்க. இரண்டு மீட்டர் பள்ளம் பிராட்லியின் உடம்பில் பெரும்பகுதியை மறைக்கும். எதிரி இருக்கக்கூடிய ஒவ்வொரு வீட்டுச் சன்னலுக்கும் கேமராவைக் கொண்டுபோய், அங்கிருந்து தன் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். எதிரியின் இடத்தில் நின்று பார்க்காதவர் எதிரியின் குண்டு வரும் வழியை அறியமாட்டார்.

உக்ரைன் புல்வெளியில் கண்ணை உறுத்துவது மரவரிசைகள். வயல்களுக்கு நடுவே காற்றைத் தடுக்க சோவியத் காலத்தில் நட்டவை. இன்றைய போரில் இரு தரப்பும் இந்த வரிசைகளுக்குள்தான் பதுங்குகின்றன. செய்திகளில் வரும் பல சண்டைகள் இப்படிப்பட்ட ஏதோ ஒரு வரிசையைப் பிடிப்பதற்காக நடந்தவை. ஆட்டத்தின் வரைபடங்களிலும் அவை அப்படியே உள்ளன. மரவரிசையை மறைவாக நினைத்து வண்டியை அதன் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்துபவர், எதிரியும் முதலில் சந்தேகப்படும் இடம் அதுதான் என்பதை மறந்துவிடுகிறார்.

ஓரிடத்திலிருந்து எது தெரியும் என்பதைப் படையை நகர்த்தாமலே அறிய வழி உண்டு. வண்டிக்கு நகர்வுக் கட்டளை கொடுத்து, போய்ச் சேரும் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து 'டார்கெட்' கோட்டை இழுத்தால் பார்வை எங்கே தடைபடுகிறது என்று கோட்டின் நிறமே சொல்லிவிடும். ஆட்டத்தின் தரை 8 மீட்டருக்கு 8 மீட்டர் சதுரங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரு சதுரம் முன்னே பின்னே போனாலும் காட்சி முழுக்க மாறலாம் என்பதால் இந்தக் கோட்டை இழுத்துப் பார்ப்பதில் சலிப்பே கூடாது.

ஒரு மரவரிசை, பத்து நிமிடம்

ஒரு பயிற்சிச் சண்டை. ஆட்டக்காரரிடம் அமெரிக்க இயந்திரக் காலாட்படைப் பிளட்டூன் ஒன்று: நான்கு பிராட்லிகள், அவற்றில் ஏறிவரும் காலாட்கள். துணைக்கு இரண்டு ஏப்ரம்ஸ் டாங்கிகள், 120 மி.மீ. மோர்ட்டார்களை அழைக்கும் கண்காணிப்பாளர் ஒருவர். எதிரே 900 மீட்டர் தொலைவில் ஒரு சிற்றூர், அதில் ரஷ்யக் காலாட்படை. இடையில் வயல், நடுவில் மரவரிசை.

புதியவர் நான்கு பிராட்லிகளையும் மரவரிசை வரை ஓட்டுவார். அனுபவசாலி 200 மீட்டர் பின்னாலேயே, பள்ளத்தில் நிறுத்திவிடுவார். காலாட்கள் இறங்குவார்கள். ஒன்பது பேர் கொண்ட ஸ்குவாடிலிருந்து இரண்டு பேரைச் சாரணராகப் பிரித்தெடுக்கும் கட்டளை ஆட்டத்தில் உண்டு. அந்த இருவர் மட்டும் முன்னே போகிறார்கள். மரவரிசையை நெருங்கும்வரை 'குயிக்', அதாவது மெல்லோட்டம். கடைசி இரண்டு சதுரங்கள் 'ஸ்லோ', வயிற்றால் ஊர்தல். ஊர்ந்தால் சீக்கிரம் களைத்துப்போவார்கள். எனவே அதைக் கடைசி இருபது மீட்டருக்குமேல் வைத்துக்கொள்ளக் கூடாது.

இப்போது முக்கியமான வேலை. அந்த இருவருக்கும் 50 மீட்டர் ஆரத்தில் 'டார்கெட் ஆர்க்' போட வேண்டும். எல்லை போட்ட வட்டத்துக்கு வெளியே எதிரி தெரிந்தாலும் அவர்கள் சுடமாட்டார்கள். சாரணன் சுட்டால் இடம் காட்டிக்கொடுத்துவிடுவான். அடுத்த நிமிடம் மரவரிசையில் குண்டு விழும். 'ஹைட்' கட்டளையைத் தவிர்க்கலாம். தலையைத் தாழ்த்திக்கொண்டவனுக்கு எதிரியும் சரியாகத் தெரியமாட்டான்.

இரண்டாவது நிமிடம், எதுவும் இல்லை. மூன்றாவது, எதுவும் இல்லை. இந்த இடத்தில்தான் பலருக்குப் பொறுமை போகும். நான்காவது நிமிடம் ஊரின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. ஐந்தாவதில் இன்னொன்று. ஆறாவதில் முதல் கேள்விக்குறி மாறி, ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் நிற்கும் பிஎம்பி-2 கவச வண்டி ஆகிறது. செய்தி தலைவருக்குப் போகிறது; அவரிடமிருந்து டாங்கிகளுக்கு. கண்காணிப்பாளர் சாரணர்களுக்குப் பக்கத்தில் வந்து மோர்ட்டாரை அழைக்கிறார். குண்டு விழச் சில நிமிடம் ஆகும்.

முதல் ஏப்ரம்ஸ் பள்ளத்துக்கு முன்னுள்ள மேட்டுக்கு வருகிறது. இங்கே இரண்டு வழிகள். 'ஹன்ட்' கொடுத்தால் எதிரி தெரியும்வரை மெல்ல நகர்ந்து, தெரிந்ததும் நின்று சுடும். உடம்பு மேட்டுக்குப் பின்னும் கோபுரம் மட்டும் வெளியிலுமாக நிற்க 'ஹல் டவுன்' கட்டளை உதவும். இரண்டாவது வழி இன்னும் கெட்டி: உச்சிவரை வேகமாக வந்து, அங்கே 15 அல்லது 20 நொடி 'பாஸ்', பிறகு 'ரிவர்ஸ்' போட்டுப் பழைய பள்ளத்துக்கே திரும்புதல். மூன்று கட்டளைகளையும் ஒரே சுற்றில் கோத்துவிடலாம். பிஎம்பி எங்கே நிற்கிறது என்ற தகவல் ஏற்கெனவே டாங்கிக்கு வந்திருப்பதால் அந்த இருபது நொடி பெரும்பாலும் போதும். எதிரியின் ஏவுகணைக்காரன் குறிபார்த்து முடிப்பதற்குள் டாங்கி அங்கே இருக்காது.

ஒன்பதாவது நிமிடம் மோர்ட்டார் குண்டுகள் ஊரின் மேற்கு ஓரத்தில் விழத் தொடங்குகின்றன. அதன் பிறகே காலாட்கள் வயலில் இறங்க வேண்டும். பத்து நிமிடத்தில் மரவரிசைக்கு அப்பால் ஒருவரும் கால்வைக்கவில்லை. ஆனால் எதிரியின் ஒரு கவச வண்டி போயிற்று, இன்னும் ஓர் இடம் தெரிந்துவிட்டது, தன் பக்கம் இழப்பு இல்லை.

எதிரியிடம் டி-90 டாங்கி இருந்தால் ஒரு எச்சரிக்கை. (ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாராகும் பீஷ்மா இதன் நெருங்கிய உறவு.) தன்மேல் லேசர் பட்டதை உணரும் கருவி அதில் உண்டு. தூரத்தை அளக்க ஏப்ரம்ஸ் லேசரை வீசியதுமே அது புகைக்குண்டுகளை வெடித்துவிட்டுப் பின்னே நகரும். புகை கலையும்வரை காத்திருந்து அதே இடத்தில் மறுபடி தலைகாட்டுவது தற்கொலைக்குச் சமம். இடத்தை மாற்றியாக வேண்டும்.

தெரியாத எதிரியையும் சுடலாம்

பார்ப்பது முதல் வேலை என்பதால், பார்த்த பிறகுதான் சுட வேண்டும் என்று அர்த்தமில்லை. கேள்விக்குறி ஒரு சன்னலில் தெரிந்தால் அந்தச் சன்னலையே சுடலாம். ஆள் சாகாவிட்டாலும் தலையைத் தூக்கமாட்டான். தலையைத் தூக்காதவன் பார்க்கமாட்டான், சுடுவதும் கிடையாது. அந்த இடைவெளியில் காலாட்கள் அடுத்த மறைவுக்கு ஓடலாம். இயந்திரத் துப்பாக்கிக்கும் பிராட்லியின் 25 மி.மீ. பீரங்கிக்கும் இந்த வேலைதான் அதிகம். சிறு ஆயுதங்கள் மட்டும் போதுமென்றால் 'டார்கெட் லைட்'. டாங்கியின் பெரிய குண்டை வீணாக்க வேண்டாம்.

ஒரு குழு ஓடும்போது இன்னொரு குழு சுட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்ற பழைய விதி இங்கே விலக்கில்லாமல் செல்லும். சுடுபவர்கள் இரண்டு மடங்கு இருந்தால் நல்லது.

பீரங்கியைப் பொறுத்தவரை ஒரு தந்திரம் தெரிந்தால் போதும். தொடக்க அமைப்புக் கட்டத்திலேயே திட்டமிட்ட குண்டுவீச்சுக்குக் கண்காணிப்பாளரின் பார்வை தேவையில்லை, காத்திருப்பும் இல்லை. எத்தனை நிமிடம் கழித்து விழ வேண்டும் என்றும் குறிக்கலாம். தரையைப் படித்த அந்த அரை மணி நேரம் இங்கே வட்டியோடு திரும்பிவரும். எதிரி எங்கே இருப்பான் என்று ஊகித்த இரண்டு இடங்களில் பத்தாவது நிமிடம் குண்டு விழும்படி வைத்துவிட்டு, சாரணர்களைக் கிளப்பலாம்.

ஏவுகணையும் புகையும்

2006 ஆகஸ்ட் 12. லெபனானின் தெற்கே சலூக்கி பள்ளத்தாக்கில் இஸ்ரேலின் 24 மெர்காவா டாங்கிகள் மேலேறின. சுற்றியிருந்த குன்றுகளிலிருந்து ஹிஸ்புல்லா வீரர்கள் ரஷ்யத் தயாரிப்பான கோர்னெட் ஏவுகணைகளால் தாக்கினார்கள். 11 டாங்கிகளில் அடி விழுந்தது. 12 வீரர்கள் இறந்தார்கள். டாங்கிகளில் இருந்த புகைக்குண்டுகளைப் பயன்படுத்தவில்லை, காலாட்படைக்கும் டாங்கிக்கும் இடையே ஒருங்கிணைப்பு இல்லை என்ற குற்றச்சாட்டுகள் போருக்குப் பிறகு இஸ்ரேலிலேயே எழுந்தன. உலகின் மிகத் தடித்த கவசங்களுள் ஒன்று மெர்காவாவுடையது. பள்ளத்தாக்கின் மேற்புறத்தைப் பார்க்காமல் நுழைந்தவருக்கு அது முழுக் காப்பு ஆகவில்லை.

ஆட்டத்தில் இதே சூழல் அடிக்கடி வரும். கம்பியாலோ லேசராலோ வழிகாட்டப்படும் ஏவுகணையை ஏவியவன், அது போய்ச் சேரும்வரை குறியை விடக் கூடாது. 1973 அக்டோபர் போரில் எகிப்தியர்கள் ஏராளமாகப் பயன்படுத்திய மால்யுட்கா, 3 கிலோமீட்டர் போக ஏறக்குறைய 25 நொடி எடுத்துக்கொள்ளும். அந்த அவகாசத்தில் ஏவியவன் இருக்கும் திசையில் எல்லோரும் சுட்டால் அவன் கை நடுங்கும், ஏவுகணை தடம் மாறும். இஸ்ரேலியர்கள் அந்தப் போரின் நடுவிலேயே கற்றுக்கொண்டது இது. கோர்னெட் வேகமானது, அவகாசம் குறைவு. ஆனாலும் ஏவிய புகை கிளம்பிய இடத்தை உடனே இயந்திரத் துப்பாக்கியால் அடிப்பது பலன் தரும்.

அமெரிக்க ஜாவலின் வேறு ரகம். ஏவிவிட்டு ஓடிவிடலாம், டாங்கியின் மேற்கூரையைத் தேடிப்போய் அடிக்கும். ஆட்டக்காரர்கள் அதிகம் கவனிக்காத விஷயம், அதன் குறிபார்க்கும் கருவி நல்ல வெப்பப் படக் கருவியும்கூட. ஏவுகணையே தீர்ந்துவிட்டாலும் அந்தக் கருவி வைத்திருக்கும் குழுவை மேட்டில் உட்காரவைத்தால் இரவிலும் புகைமூட்டத்திலும் படையின் கண்ணாக இருக்கும்.

ஊருக்குள் நுழையும்போது

ஊருக்குள் டாங்கி முதலில் போகக் கூடாது. 1994 டிசம்பர் 31 அன்று செச்சன்யாவின் தலைநகர் குரோஸ்னிக்குள் ரஷ்யாவின் 131ஆவது மைகோப் பிரிகேட் கவச வண்டிகளோடு நுழைந்து ரயில் நிலையம்வரை போயிற்று. அதன்பின் செச்சன்யர்கள் சிறு குழுக்களாக, மாடிகளிலிருந்தும் நிலவறைகளிலிருந்தும் ஆர்பிஜி-7ஆல் அடித்தார்கள். வரிசையின் முதல் வண்டி, கடைசி வண்டி, பிறகு நடுவில் மாட்டிக்கொண்டவை. பரவலாகச் சொல்லப்படும் கணக்கின்படி 26 டாங்கிகளில் 20, 120 கவச வண்டிகளில் 102 போயின. டாங்கியின் பீரங்கிக் குழல் மேல்மாடிக்கும் ஏறாது, நிலவறைக்கும் இறங்காது. ரஷ்யர்கள் பிறகு விமான எதிர்ப்பு வண்டிகளை வரிசையில் சேர்த்தார்கள். அவற்றின் குழல்கள் செங்குத்தாக நிமிரும். ஆட்டத்தில் ரஷ்யப் பக்கம் ஆடுபவர் துங்குஸ்கா வண்டியை இதே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தெருவில் வரிசை மாறாது: முதலில் ஒரு வீட்டைச் சுட்டு அடக்குதல், பிறகு அந்த வீட்டுக்குள் காலாட்கள், அவர்கள் சன்னலில் நின்று அடுத்த வீட்டைப் பார்த்த பிறகே டாங்கி ஒரு வீடு முன்னே. இதற்கு நேரம் பிடிக்கும். சண்டைக்கு 40 நிமிடம் கொடுத்திருந்தால் ஊருக்கு மட்டும் 20 நிமிடம் ஒதுக்க வேண்டும்.

ஆட்டத்தின் எல்லை

பீரங்கிக்கு இலக்கு காட்டும் சிறு ஆளில்லா விமானங்கள் சண்டையின் போக்கையே மாற்றும் என்பதை பிளாக் சீ முன்கூட்டியே சொன்னது. ஆர்லான்-10 ஆட்டத்தில் இருக்கிறது. வானில் அது சுற்றும்போது திறந்தவெளியில் நிற்பவர் கதி அதோகதி. வெடிகுண்டைச் சுமந்து வந்து மோதும் மலிவு விலை எஃப்பிவி டிரோன்களை அது எதிர்பார்க்கவில்லை. ஆகவே இதை ஆடிவிட்டு இன்றைய உக்ரைன் போர் புரிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கணினி எதிரியும் அவ்வளவு சூதுவாது தெரிந்தவன் அல்ல. வரைபடத்தை உருவாக்கியவர் எழுதிவைத்த திட்டத்தைத்தான் அது நிறைவேற்றும். தற்காப்பில் ஓரளவு தொல்லை கொடுக்கும்; தாக்குதலில் தட்டுத்தடுமாறும். கோப்புகளை மின்னஞ்சலில் மாற்றிக்கொண்டு சக மனிதரோடு ஆடும்போதுதான் இதன் முழு ருசியும் தெரியும். ஒரு சண்டை முடிய மாதக்கணக்கில் ஆகலாம்.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் ஒரு பயிற்சி. 'குயிக் பேட்டில்' மெனுவில் மிகச் சிறிய அளவு, 'அட்டாக்' வகை, வெயில் அடிக்கும் நண்பகல், மின்னணுப் போர் இல்லை என்று தேர்ந்தெடுங்கள். அமெரிக்கப் பக்கம், அனுபவம் 'ரெகுலர்'. தொடக்க அமைப்பைச் சேமித்து வைத்துக்கொண்டு முதல் பத்து நிமிடம் சாரணர்களைத் தவிர யாரையும் மரவரிசையைத் தாண்ட விடாதீர்கள். முடிந்ததும் அதே வரைபடத்தில் ரஷ்யப் பக்கம் உட்கார்ந்து தற்காத்துப் பாருங்கள். ஐந்தாவது அத்தியாயம் பின்சரிவுத் தற்காப்பிலிருந்து தொடங்குகிறது. அதற்குள் இரண்டு பக்கமும் ஒரு தடவை ஆடியிருக்க வேண்டும்.